தகர ரொக்கட்டின் வயது

காணிக்கு உறுதி உண்டு. நகைக்குக் கடைச்சீட்டு உண்டு. பிள்ளை பிறந்ததற்குப் பதிவுப் பத்திரம் உண்டு. ஆனால், அந்தப் பிள்ளையின் கையில் ஒரு பெருநாளன்று கொடுக்கப்பட்டு, முற்றத்து மணலில் உருண்டு, பின்பு அலுமாரியின் மேல்தட்டுக்கோ பரணுக்கோ போய்ச் சேர்ந்துவிட்ட தகர விளையாட்டுச் சாமானுக்கு எந்தப் பத்திரமும் கிடையாது. அது எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது, எவ்வழியாக இங்கு வந்தது என்னும் மூன்றையும் அதன் உடம்பிலிருந்தே வாசித்தறிய வேண்டும். கல்முனைக் கடைத்தெருவில் மணிக்கூடு திருத்தும் தொழிலில் வளர்ந்த எனக்கு இந்த வாசிப்பே பின்னாளில் இரண்டாவது தொழிலாக அமைந்தது. அதிலும், 1950களிலும் 1960களிலும் உலகமெங்கும் பிள்ளைகளின் மனத்தை ஆட்கொண்ட ரொக்கட்டுகள், பறக்கும் தட்டுகள், செயற்கைக் கோள்கள், இயந்திர மனிதர்கள் ஆகிய விண்வெளிச் சாமான்களின் காலத்தை நிர்ணயிப்பதிலேயே என் பிரயாசையின் பெரும்பகுதி செலவாகியிருக்கிறது. அத்தொழிலில் கண்டு தெளிந்தவற்றை, எனக்குப் பின் இந்த மேசையில் அமரப்போகும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

வாப்பாவின் கடைக்குச் சுவர் மணிக்கூடு, மேசை மணிக்கூடு, கைக்கடிகாரம் ஆகியவற்றோடு, வருஷத்தின் சில காலங்களில், சாவி கொடுத்தால் ஓடும் விளையாட்டுச் சாமான்களும் வந்து சேரும். கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பேரால் கொடியேறும் நாட்களில், பள்ளியைச் சூழ எழும் தற்காலிகக் கடைகளில் வாங்கப்பட்டவை சில. கொழும்புப் புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போன வியாபாரிகள் தம் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்தவை சில. கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போனவர்கள் திரும்பும் வழியில் வாங்கிவந்தவை சில. வில் அறுந்தாலும் பற்சக்கரம் நழுவினாலும் அவற்றைத் திறந்து பார்க்கத் துணிபவர் ஊரில் மணிக்கூட்டுக்காரர் ஒருவரே என்பதால், சாய்ந்தமருதிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் அவை வாப்பாவைத் தேடி வந்தன. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் வாப்பா முதலில் அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்ப்பார். முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பார். “சாமான்ட மொகம் விக்கிறதுக்கு மகன், அடி பாக்கிறதுக்கு” என்பது அவர் வாக்கு. நான் கற்ற முதற்பாடம் அதுதான். அதன் பொருள் முழுவதும் விளங்குவதற்கு எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

இந்தச் சாமான்களின் மீது எனக்குள்ள பற்றுக்கு வேறொரு காரணமும் உண்டு. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979ஆம் ஆண்டில். 1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் மனிதன் சந்திரனில் கால்வைத்த செய்தியை எங்கள் கரையோர ஊர்கள் வானொலியில் கேட்டன. மறுநாள் பத்திரிகையில் மங்கிய கறுப்புப் படமாகக் கண்டன. யூரி ககாரின் 1961ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இலங்கைக்கே விஜயம் செய்திருந்தாலும், கல்முனைப் பிள்ளைகளுக்கு அவர் ஒரு பெயர் மாத்திரமே. ஆகவே, ஒரு விண்கலம் எவ்வண்ணம் இருக்கும், அதனுள் மனிதன் எவ்வாறு உட்கார்ந்திருப்பான் என்பதை அவர்கள் வர்ணத்தோடும் வடிவத்தோடும் கையில் பிடித்து முதன்முதல் கண்டது இந்தத் தகரச் சாமான்களிலேதான். ஒரு தலைமுறையின் ஆகாயக் கற்பனைக்கு உருக்கொடுத்த பொருள்களைத் தகரக்காரனின் சாக்குக்குப் போட்டுவிடுவது நியாயமல்ல என்னும் எண்ணம் இன்றும் என்னை இந்த மேசையில் இருத்திவைத்திருக்கிறது.

காலநிர்ணயத்தில் புதியவர்கள் முதலில் பற்றிக்கொள்வது சாமானில் அச்சிட்டிருக்கும் காட்சியை. அது பயனற்றதன்று; ஆனால் அது தருவது ஓர் எல்லையை மாத்திரமே. ‘இதற்கு முன் நான் பிறந்திருக்க முடியாது’ என்று காட்சி சொல்லும். ‘இந்த வருஷம் பிறந்தேன்’ என்று ஒருபோதும் சொல்லாது. அமெரிக்காவில் பக் றொஜர்ஸ் என்னும் சித்திரக்கதை நாயகனின் பேரால் டெய்ஸி நிறுவனம் 1934இல் ஒரு தகரத் துப்பாக்கியை வெளியிட்டதிலிருந்தே விண்வெளி விளையாட்டுச் சாமான்களின் சரித்திரம் செழிக்கத் தொடங்குகிறது. பறக்கும் தட்டு என்பது 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கெனத் ஆர்னோல்ட் என்னும் விமானி, தாம் ஆகாயத்தில் கண்டதாகச் சொன்ன செய்தி பரவிய பின் எழுந்த கற்பனை. நான்கு நீண்ட கம்பிகள் பின்னோக்கிச் சாய்ந்த உருண்டைக் கோள் இருந்தால் அது ஸ்புட்னிக் ஏறிய 1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆம் திகதிக்குப் பிற்பட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் நாய் அமர்ந்திருந்தால், லைக்கா அனுப்பப்பட்ட அவ்வாண்டு நவம்பர் 3ஆம் திகதிக்குப் பிற்பட்டது. நாசா என்னும் பெயர் இருந்தால் அந்த ஸ்தாபனம் உருவான 1958ஆம் ஆண்டுக்கு முற்பட்டிருக்க முடியாது. மணி வடிவக் கூண்டில் ஒருவன் தனியே இருந்தால் அது அமெரிக்காவின் மெர்க்குரிக் காலத்தை, அதாவது ஜோன் கிளென் பூமியைச் சுற்றிய 1962ஆம் ஆண்டை ஒட்டியது. இருவர் அருகருகே இருந்தால் 1965, 1966ஆம் ஆண்டுகளின் ஜெமினி. சிலந்திக் கால்களோடு சந்திரனில் இறங்கும் கலமானால் அப்பலோ.

காட்சியில் உள்ளதைப் போலவே, காட்சியில் பிழையாக உள்ளதும் சாட்சி சொல்லும். ககாரின் சென்ற வொஸ்தொக் கலத்தின் உண்மை உருவத்தைச் சோவியத் அரசு 1965ஆம் ஆண்டு வரை உலகுக்குக் காட்டவில்லை. ஆகவே அதற்கு முன் அக்கலத்தை விளையாட்டுச் சாமானாக்கியவர்கள், சிறகும் கூரிய மூக்குமாகத் தம் மனம்போல வரைந்தார்கள். உருண்டையான உண்மை வடிவம் செம்மையாக அமைந்திருக்கும் வொஸ்தொக் ஒன்றை ‘1961ஆம் ஆண்டுச் சாமான்’ என்று ஒருவர் கொண்டுவந்தால், அவருடைய நம்பிக்கையை மதித்துக்கொண்டே அந்த வருஷத்தை மறுக்க வேண்டியிருக்கிறது.

இவ்வகையில் என் மனத்தில் நிலைத்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். சம்மாந்துறையிலிருந்து வயது முதிர்ந்த ஒரு தாயார், பழந்துணியில் சுற்றிய தகர ரொக்கட் ஒன்றைக் கொண்டுவந்தார். “இது எங்கட வாப்பாக்கு இங்கினியாகலயில வெள்ளக்கார இஞ்சினியர் குடுத்த சாமான் மகன், அணைக்கட்டு கட்டக்குள்ள” என்றார். கல்லோயா அணையை மொரிசன் நூட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் 1949இல் கட்டத் தொடங்கி, 1950களின் ஆரம்பத்திலேயே முடித்துக்கொடுத்துவிட்டுச் சென்றது. எங்கள் பகுதியிலிருந்து அங்கே வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனவர் பலர். கதை சரித்திரத்துக்கு ஒத்திருந்தது. ரொக்கட்டைக் கவிழ்த்தேன், ‘ஜப்பான்’ என்ற சொல் மாத்திரம் வாற்பகுதியில் இருந்தது. லென்ஸை வைத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, மூன்றாவது ஜன்னலில், நகக்கண் அளவான வட்டத்துக்குள், நிமிர்ந்த காதுகளோடு ஒரு நாயின் முகம் அச்சிடப்பட்டிருந்தது. அந்த நாய் ஆகாயத்துக்குப் போனபோது இங்கினியாகல அணை கட்டி முடிந்து ஆண்டுகள் பல கழிந்துவிட்டன.

“மாமி, உங்கட வாப்பாக்குச் சாமான் குடுத்தது உண்மையா இருக்கும். ஆனா அது இந்தச் சாமானில்ல. இது அதுக்குப் பொறகு வந்தது” என்று சொல்லி, நாயையும் லென்ஸையும் அவருக்கே காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, பின்பு தம் தம்பியாரைக் கேட்டனுப்பினார். கொழும்பில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் விடுமுறைக்கு வரும்போது புறக்கோட்டையில் தாம் வாங்கிவந்ததே அது என்று அவர் நினைவுகூர்ந்தார். குடும்ப நினைவில் இரண்டு அன்பளிப்புகள் காலப்போக்கில் ஒன்றாகிவிட்டிருந்தன. வாய்மொழிச் சாட்சியை நான் எப்போதும் முதலில் கேட்கிறேன், முழுவதும் எழுதிக்கொள்கிறேன். ஆனால் பொருளின் சாட்சியோடு அதை ஒப்பிட்ட பின்பே முடிவு சொல்லுகிறேன்.

பொருளின் சாட்சி என்பது அது செய்யப்பட்ட விதம். இந்தச் சாமான்களின் உடம்பு, மெல்லிய இரும்புத் தகட்டின் மீது வெள்ளீயப் பூச்சு ஏற்றிய தகரம். தகடு தட்டையாக இருக்கும்போதே வர்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டு, உலையில் உலர்த்தி, மேலே வார்னிஷ் பூசி, அதன் பின்னரே வெட்டி, அச்சுக்களில் அழுத்தி வடிவாக்குவார்கள். ஆகையால் நேர்மையான பழைய சாமானில் வர்ணம் மடிப்புக்குள்ளும் தடையின்றிப் போகும். வளைவு கூடிய இடத்தில் அச்சு சற்று இழுபட்டிருக்கும். வெட்டிய ஓரத்தில் வெறும் உலோகம் தெரியும். பிற்காலத்தில் ஒருவர் தூரிகையால் பூசியிருந்தால், பூச்சு மடிப்பின் வாயிலேயே நின்றுவிடும். ஓரங்களின் மீதும் வழிந்திருக்கும். தகடுகளை இணைப்பதற்கு ஒரு பாகத்தின் சிறு நாக்கை மறுபாகத்தின் துவாரத்தில் நுழைத்து மடக்கிவிடுவார்கள். அந்த நாக்கு ஒருமுறை மடங்கவே செய்யப்பட்டது. திறந்து மீண்டும் மடக்கியதாயின் அதன் கழுத்தில் மயிரிழைபோன்ற வெடிப்பு பெரும்பாலும் தோன்றும். ஒரு சாமானைப் பிறர் திறந்திருக்கிறார்களா, உள்ளே இருக்கும் இயந்திரம் அதனுடையதேதானா என்ற கேள்விக்கு, நான் முதலில் தேடும் சாட்சி அந்த வெடிப்பு; ஆனால் அது இல்லாமையால் மாத்திரம் திறக்கப்படவில்லை என்று கொள்ளலாகாது.

யுத்தத்தில் தோற்று, மூலப்பொருளின்றி நின்ற ஜப்பானில் இத்தொழில் மீண்டெழுந்த வரலாறு ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருக்கத்தக்கது. 1945ஆம் ஆண்டின் முடிவில், ஒட்சு நகரில், மட்சுசோ கொசுகே என்பவர், அமெரிக்கப் படையினர் எறிந்த உணவுத் தகரப் பேணிகளைத் தட்டி நிமிர்த்தி ஒரு சிறு ஜீப் வண்டியைச் செய்து விற்றார். அங்கிருந்து தொடங்கிய கைத்தொழில், பத்து வருஷத்துக்குள் உலகச் சந்தையையே பிடித்தது. யுத்தத்துக்குப் பிற்பட்ட மிகப் பழைய சாமான்களின் உட்புறத்தில், வேறெதற்கோ அச்சிட்ட எழுத்தும் வர்ணமும் தலைகீழாகத் தெரிவதுண்டு. வீணான தகட்டையும் வீசிவிடாத ஒரு வறுமைக் காலத்தின் அடையாளம் அது. அதைக் காணும்போதெல்லாம் அத்தொழிலாளிகளின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது.

இனி முத்திரைகள். ‘மேட் இன் ஒக்குபைட் ஜப்பான்’ என்று இருந்தால், அமெரிக்க ஆதிக்கம் முடிவடைந்த 1952ஆம் ஆண்டுக்கு முற்பட்டது என்று தயக்கமின்றிக் கொள்ளலாம். அச்சொற்கள் இல்லாமையால் மாத்திரம் அதற்குப் பிற்பட்டது என்று கொள்ளலாகாது. மேற்கு ஜெர்மனி என்ற பெயர் 1949ஆம் ஆண்டுக்கு முன் இல்லை. அதற்கு முன் ‘அமெரிக்க வலயம்’ என்று பொறித்தார்கள். டி.என். என்றால் நொமுரா, எஸ்.எச். என்றால் ஹொரிகாவா, டி.எம். என்றால் மசுதாயா, கே.ஓ. என்றால் யோஷியா, லைன்மார் என்றிருந்தால், அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனம் ஜப்பானில் செய்வித்துத் தன் பெயரில் விற்றது. 1956இல் வெளியான ‘ஃபொர்பிடன் பிளானெட்’ என்னும் திரைப்படத்தின் இயந்திர மனிதனை ஒத்த உருவத்தை நொமுரா மறு ஆண்டிலேயே சந்தைக்கு விட்டது என்பதிலிருந்து, அந்த ஸ்தாபனங்கள் எத்தனை விரைவாக இயங்கின என்பது விளங்கும். ஜப்பானிய விளையாட்டுச் சாமான் சங்கத்தின் பாதுகாப்பு முத்திரையான எஸ்.டி. என்பது 1971இல் தோன்றியது. அது கண்ணில் பட்டால், மற்ற அடையாளங்கள் எவ்வளவு பழமையாகத் தோன்றினாலும் சாமான் அதற்கு முற்பட்டதன்று.

சீனச் சாமான்களில் எம்.எஸ்., எம்.எஃப்., எம்.ஈ. என்ற எழுத்துகளும் ஓர் இலக்கமும் இருக்கும். முறையே சாவியால் ஓடுவது, தேய்த்துவிட்டால் ஓடுவது, பற்றரியால் ஓடுவது என்று பொருள். ஒரே அச்சை அவர்கள் பல்லாண்டுகள் உபயோகித்தபடியால், காலத்தை அகலமாகச் சொல்லுவதே நேர்மை. மொஸ்கோவில் படித்துத் திரும்பிய ஒருவரின் வீட்டில் கண்ட சோவியத் சாமானில், விலையே உலோகத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. அந்நாட்டில் 1961ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி பத்துப் பழைய ரூபிள் ஒரு புதிய ரூபிளாக மாற்றப்பட்டது. ஆகையால் பொறித்த விலை அந்தச் சாமானின் தரத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதா, பத்து மடங்கு பெருத்திருக்கிறதா என்பதைக் கொண்டே அது அத்திகதிக்கு முந்தியதா பிந்தியதா என்று அனுமானிக்கலாம்.

முத்திரை தேய்ந்துபோன சாமானுக்கு அதன் இயந்திரம் பேசும். மணிக்கூட்டுக்காரனுக்கு இது சொந்த நாடு. சாவியும் சுருள்வில்லும் ஒரு முறை. கனத்த சிறு சக்கரம் ஒன்றைத் தரையில் தேய்த்துச் சுழலவிட்டு அதன் வேகத்தால் ஓடச் செய்வது மற்றொரு முறை. பற்றரியும் சிறு மோட்டாரும் மூன்றாவது முறை. முதலிரண்டும் எல்லாக் காலத்திலும் உண்டு. பற்றரி முறை 1950களின் நடுப்பகுதியிலிருந்து பெருகியது. அதன் ஆரம்ப உருவங்களில், பற்றரிகள் தனித் தகரப் பெட்டியில் இருக்க, அங்கிருந்து ஒரு வயர் சாமானின் உடம்புக்குப் போகும். அதற்கடுத்துப் பார்க்க வேண்டியது பிளாஸ்டிக்கின் பங்கு. முகமும் மானிகளும் தகரத்திலேயே அச்சிடப்பட்டிருந்தால் பெரும்பாலும் முந்தியது. நெஞ்சில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியும், கைகளும், வார்த்தெடுத்த வீரனின் தலையும் வர வர 1960களுக்குள் நகர்கிறோம். உடம்பு முழுவதும் பிளாஸ்டிக்காகிவிட்டால் பெரும்பாலும் 1970களை நெருங்கிவிட்டோம். இவற்றுள் எதையும் தனியே எடுத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. ஒரு சாமானில் காணப்படும் அடையாளங்களுள் எது மிகப் பிந்தியதோ அதுவே அதன் வயதைத் தீர்மானிக்கிறது. மற்றவை எத்தனை பழையனவாயினும் அந்த ஒன்றுக்குக் கீழ்ப்பட்டவையே.

பெட்டி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்க விலாசத்தில் ஐந்து இலக்கத் தபால் எண் இருந்தால் 1963ஆம் ஆண்டு ஜூலைக்குப் பிற்பட்டது. கோடுகளாலான விலைக்குறி இருந்தால் 1974ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டது. நம் நாட்டுக் கடைக்காரரின் றப்பர் முத்திரையும் அவ்வளவே பெறுமதியுடையது. ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்று இருந்தால், குடியரசான 1972ஆம் ஆண்டு மே மாதத்துக்கு முன் அடித்த முத்திரை அது என்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கல்முனையை மட்டக்களப்பு மாவட்டத்தோடு சேர்த்து எழுதியிருந்தால், அம்பாறை தனி மாவட்டமான 1961ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வழக்கம். நோட்டுப் பரிசோதிக்கும் ஊதா விளக்கை இருட்டறையில் பெட்டியின் மீது பிடித்தால், புதிய காகிதம் நீல வெள்ளையாகப் பளிச்சிடும். காகிதத்துக்கு வெண்மையூட்டும் அந்த இரசாயனங்கள் 1950க்குப் பின்பே பரவின. பழைய பெட்டி மங்கலாகவே இருக்கும்.

பிறநாட்டு நூல்களில் காணாத ஓர் அளவுகோல் எங்களுக்கு உண்டு. அது இந்நாட்டின் இறக்குமதிச் சரித்திரம். 1960களின் ஆரம்பத்தில் அன்னியச் செலாவணி நெருக்கடி தோன்றியதும், அத்தியாவசியமற்ற பொருட்கள் துறைமுகத்துக்கு வருவது படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1970இலிருந்து 1977 வரை அந்தக் கட்டுப்பாடு மிகவும் இறுகியது. 1977இன் முடிவில் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் கதவு அகலத் திறந்தது. அதன் பின் எங்கள் ஊர்களிலிருந்து அரபு நாடுகளுக்கு உழைக்கச் சென்றவர்களின் பெட்டிகளில் வந்தவை அநேகமாகப் பிளாஸ்டிக் சாமான்கள். ஆகவே இக்கரையில், பல்லாண்டுகளாக ஒரே குடும்பத்தில் இருந்துவந்ததென்று நிச்சயமான தகர ரொக்கட் ஒன்று கிடைத்தால், அது கதவு மூடுவதற்கு முன் நுழைந்ததாயிருக்கவே நியாயம் அதிகம். மற்ற நாட்டு நிபுணர் பத்து வருஷ இடைவெளி சொல்லுமிடத்தில், நாங்கள் சில வேளைகளில் ஐந்தாகச் சுருக்கிச் சொல்ல முடிவது இதனாலேதான்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதியைப் பற்றிப் பேசாமல் இக்கரையின் எந்தப் பழம்பொருளைப் பற்றியும் பேச இயலாது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டுபோயிற்று. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலை அடுத்த தெருக்கள் இருந்த இடம் தெரியவில்லை. அந்தத் துயரத்தின் முன் விளையாட்டுச் சாமானுக்கு என்ன மதிப்பு என்று நானும் மேசையை மூடிவைத்திருந்தேன். பல மாதங்களின் பின், மருதமுனையில் ஒரு நெசவுக் குடும்பத்தவர், உடைந்த தறியின் அடியில் மணலை அள்ளும்போது அகப்பட்டதென்று ஓர் இயந்திர மனிதனைக் கொண்டுவந்து தந்தார்கள். இறந்துபோன காக்காவின் சாமான் அது; அவர்களுக்கு அதன் விலை வேண்டியிருக்கவில்லை, அது மேலும் அழியாமல் இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய விருப்பம்.

ஒரு சாணுக்குச் சற்று அதிகமான உயரம், சதுர உடம்பு, இடுப்பில் சாவித் துவாரம், நெஞ்சில் நான்கு மானிகள், நான்கும் தகரத்திலேயே அச்சிட்டவை, பாதத்தின் அடியில் கே.ஓ. முத்திரை. பிளாஸ்டிக் என்று சொல்ல ஒரு துண்டும் இல்லை. வெள்ளீயப் பூச்சு, தான் முழுமையாக இருக்கும்வரை இரும்பைக் காக்கும். ஒரு கீறல் விழுந்தால், அந்த இடத்தில் வெறும் இரும்பைவிட வேகமாகத் துரு ஏறச் செய்யும். உப்பு அதை மேலும் தூண்டும். ஆகவே முதல் வேலை உப்பை எடுப்பது. வாகனப் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சினால், விரல் நுனியளவு இடமாக ஒற்றியெடுத்து, உடனுக்குடன் உலர்த்தி, வர்ணம் அசைகிறதா என்று ஒவ்வொரு முறையும் பஞ்சைப் பார்த்து, இறுதியில் மணிக்கூட்டு எண்ணெயை மிக மெல்லிய படலமாகத் தடவினேன். துருவைச் சுரண்டவில்லை, உதிர்ந்த வர்ணத்தை நிரப்பவுமில்லை. 1950களின் பிற்பகுதியோ 1960களின் ஆரம்பமோ என்று நான் எழுதிக்கொடுத்த பிறகு, அவர்களுடைய ராத்தா ஒருவர், அது காக்காவின் சுன்னத்துக் கலியாணத்துக்கு வந்த அன்பளிப்பு என்றும், அந்த வைபவத்தின் செலவுக் கணக்கு எழுதிய கொப்பியில் 1959 என்று இருந்ததைத் தாம் சிறுவயதில் பலமுறை பார்த்ததாகவும் சொன்னார். பொருளும் மனிதரும் ஒரே சாட்சி சொன்ன அந்த வேளையில், இத்தொழிலின் நியாயம் முழுவதும் எனக்குப் பிரத்தியட்சமாயிற்று.

விலை ஏறும் இடத்தில் போலியும் வரும். 1990களிலிருந்து, பழைய உருவங்களின் மறுபதிப்புகள் தாராளமாக வெளிவருகின்றன. மறுபதிப்பு என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. ஐரோப்பியப் பாதுகாப்பு எழுத்துகளையும் விலைக்கோடுகளையும் தேய்த்து நீக்கி, உப்பு நீரில் ஊறவைத்து, பழையது என்று விற்பதே குற்றம். அப்படி ஊறவைத்த துரு உடம்பெங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும். வாழ்ந்து பழுத்த சாமானிலோ, துரு மடிப்பிலும் நாக்கின் கழுத்திலும் கீறலிலும் தொடங்கும். தேய்வு, பிள்ளையின் விரல் பட்ட சாவியின் இரு பக்கத்திலும், தரை தொட்ட சக்கர விளிம்பிலும், பிடித்துத் தூக்கிய இடுப்பிலும் இருக்கும். கை படாத இடம் தேய்ந்தும் கை பட்ட இடம் பளபளத்தும் இருந்தால், அந்தச் சாமான் பிள்ளையிடம் வளரவில்லை.

விற்கும் பொருளின் குறையை வாங்குபவரிடமிருந்து மறைக்கலாகாது என்பது மார்க்கம் எங்களுக்கு விதித்த வியாபார நெறி. வயதும் அந்த நெறிக்குள் அடங்கும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஐந்து வருஷத்தைக் கூட்டிச் சொல்லி நல்ல விலை பெறுவது, நிறுவையில் கை வைப்பதற்குச் சமம். ஆகவே என் புத்தகத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று விஷயங்கள் எழுதப்படுகின்றன: இதற்கு முன் இருக்க முடியாத வருஷம், இதற்குப் பின் இருக்க முடியாத வருஷம், அவ்வாறு சொல்லுவதற்கான காரணம். நடுவில் ஒரு தனி வருஷத்தை எழுதச் சொல்லி வற்புறுத்துகிறவர்களுக்கு நான் மூன்றாவது வரியை வாசித்துக் காட்டுகிறேன். காரணத்தைத் தன் கண்ணாலும் லென்ஸாலும் சரிபார்த்துக்கொண்ட ஒருவர், அதன் பின் என்னுடைய வார்த்தையை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. இந்தத் தொழிலை அந்த நிலைக்குக் கொண்டுவருவதே என் நிய்யத்து.

என்னிடம் வேலை பழகும் மருமகனுக்கும், இதை வாசிக்கும் அன்பர்களுக்கும் சொல்ல வேண்டியது இவ்வளவே. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகர ரொக்கட்டோ இயந்திர மனிதனோ இருந்தால், அதைக் கழுவாதீர்கள், பூசாதீர்கள், சாவியைப் பலங்கொண்டு முறுக்காதீர்கள். உள்ளே பற்றரி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதன் பின், உங்கள் உம்மாவிடமோ சாச்சாவிடமோ, அதை யார் வாங்கினார், எங்கே, எந்தப் பெருநாளுக்கு, எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே ஒரு தாளில் எழுதி, திகதியும் இட்டு அதனோடு வையுங்கள். தகரம் இன்னும் நூறு வருஷம் காத்திருந்து தன் சாட்சியைச் சொல்லும். மனிதரின் சாட்சியை அவர்கள் இருக்கும்போதே வாங்கிக்கொள்ள வேண்டும்.